லோகோவைச் சுற்றி விட வேண்டிய இடம்

நிவித்திகல டவுனில் நான் வேலை செய்யும் கடையைக் கம்யூனிகேஷன் என்பார்கள். போட்டோகொப்பி எடுப்போம், அடையாள அட்டைக்குப் படம் பிடிப்போம், கல்யாண அட்டை, மரண அறிவித்தல், பெனர் என்று கேட்பதையெல்லாம் டிசைன் செய்து கொடுப்போம். டிசைன் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆட்கள் கொண்டுவருகிற மங்கிய படத்தை அச்சடிக்கிறவனின் மெஷினுக்குப் பிடிக்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. அதைச் செய்து செய்து எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எந்தச் சின்னத்தைப் பார்த்தாலும் இதை எப்படிக் கோட்டில் இழுப்பது என்றுதான் முதலில் தோன்றும். அழகா இல்லையா என்பதெல்லாம் பிறகுதான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்தபோதும் நான் இந்தக் கடையில்தான் இருந்தேன். அப்பா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் இருந்தார். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கச்சி காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், படுத்திருந்தாள். மேல் மலை வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் எல்லாம் அவளைப் போல நோயாளிகளும், வயதானவர்களும், கைக்குழந்தைகளும்தான். வேலைக்குப் போனவர்கள் பிழைத்தோம். சிலரைத் தோண்டி எடுத்தார்கள். தங்கச்சியை எடுக்க முடியவில்லை. இனியும் தோண்டினால் தோண்டுகிறவர்கள் மேலேயும் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். அது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் யாரோடும் சண்டை பிடிக்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

அவளுக்குக் குழி இல்லை. கருமாதி செய்தோம், படத்துக்கு மாலை போட்டோம், ஆனால் போய் ஒரு விளக்கு வைக்க இடம் இல்லை. மண் விழுந்த இடத்தைச் சுற்றி நாடா கட்டி, ஆபத்து என்று எழுதிய பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். தீபாவளிக்கு அப்பா பலகாரத்தை இலையில் மடித்து எடுத்துக்கொண்டு அந்த நாடா வரைக்கும் போவார். நாடாவைத் தாண்ட மாட்டார். இந்தப் பக்கமே வைத்துவிட்டுத் திரும்பி வருவார். அவர் நாலு எட்டு நடக்கும் முன்பே நாய்கள் வந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

தகரக் கொட்டிலில் சில வருடங்கள் கழிந்த பிறகு ஒருவழியாக எங்களுக்கு வீடு கட்டத் தொடங்கினார்கள். கட்டிக் கொடுத்தது ஒரு நிறுவனம் இல்லை, ஊர்ப்பட்ட நிறுவனங்கள். ஒன்று கூரைக்கு, ஒன்று தண்ணீருக்கு, ஒன்று கக்கூசுக்கு, ஒன்று சும்மா வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு. எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். சிங்களவர், குரல் உயர்த்திப் பேசாதவர். நாங்கள் சேர் என்று கூப்பிடுவோம். ஒரு நாள் கொட்டிலுக்கு வந்து வாங்கில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே, வீட்டுத்திட்டத்தின் வாசலில் பெரிய கருங்கல் ஒன்று நிறுத்தப் போகிறோம் என்றார். அப்பா எழுந்து நின்றார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

“சேர், அந்தக் கல்லுல செத்தவங்க பேரு வருமா?”

“கட்டாயம் வரும். அதற்குத்தானே கல்லே,” என்றார் சேர்.

அப்பா உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவருக்கு வீடு இரண்டாம் பட்சமாகிவிட்டது. அறை எத்தனை, குசினிக்குப் புகைபோக்கி உண்டா என்று மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சி பெயர் எங்கேயாவது ஓரிடத்தில் இருந்தால் போதும், அங்கே போய் விளக்கு வைத்துக்கொள்வேன் என்று என்னிடம் சொன்னார். வேறு எதுவும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

கல்லுக்கு டிசைன் செய்யும் வேலை என்னிடமே வந்தது. தோட்டத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் தெரியும், மூன்று மொழியிலும் அடிக்கும் என்று சேர் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். கல் வெட்டுகிறவர் இரத்தினபுரியில் இருந்தார். முஸ்லிம் ஆள், எல்லோரும் நானா என்போம். பள்ளிக்கூடம், பௌத்தர்களின் பன்சலை, கோயில், பள்ளிவாசல் என்று எல்லா இடத்துக்கும் கல்வெட்டு அவருடைய மெஷினில்தான் வெட்டப்படும். அவர் என்னைக் கூப்பிடுவதும் தங்கச்சி என்றுதான். முதல் நாளே போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“தங்கச்சி, எனக்குப் படம் வாணாம், கோடு வேணும். மெஷினுக்குக் கண் இல்ல. கோடு போற வழியில தான் ஊசி போகும். நிழல், மினுக்கம், கலர் ஒண்டும் கல்லுல நிக்காது.”

எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. போனில் பார்க்கிற படம் புள்ளிகளால் ஆனது. பெரிதாக்கினால் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும். மெஷினுக்கு அது உதவாது. ஒவ்வொரு வளைவையும் கணக்காக இழுத்த கோடாகக் கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட ஃபைல் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்கும், யாரோ ஒருவர் அந்த லோகோவை முதலில் வரைந்திருப்பார் அல்லவா, அதை அனுப்பச் சொன்னால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

வந்த லோகோக்களின் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒன்று வாட்ஸ்அப்பில் நகத்தளவு படமாக வந்தது. ஒன்றைக் கடிதத் தாளில் அச்சடித்து, மேசையில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். ஓரத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டமும் சேர்ந்து வந்தது. இன்னொரு அலுவலகத்தில் ஒரு மகாராசன் இருந்தார். ஜேபெக் வேண்டாம், கோட்டு ஃபைல் வேண்டும் என்று நான் இரண்டு தடவை விளக்கமாகச் சொன்ன பிறகு, ஃபைலின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு நான் கேட்ட எழுத்துகளைத் தட்டி அனுப்பியிருந்தார். திறக்கவில்லை. பெயருக்குப் பின்னால் எழுத்து மாற்றினால் ஆள் மாறிவிடும் என்றால் நான் இந்நேரம் டொக்டராகி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் எல்லாவற்றையும் நானே இழுத்தேன். கம்ப்யூட்டரைத் தானாகக் கோடு பிடிக்கச் சொன்னால் கோப்பை வட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கும். ஆகவே மங்கிய படத்தை அடியில் வைத்து, மேலே புள்ளி வைத்து, வளைத்து, அடுத்த புள்ளி வைத்து வரைய வேண்டும். கூரைக்குக் காசு கொடுத்தவர்களின் லோகோவில் இரண்டு கைகள் ஒரு வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்தன. அந்த விரல்களை ஒவ்வொன்றாக வரைந்தேன். கொழுந்துக் கறை இல்லாத, நகம் இல்லாத, ரேகை இல்லாத கைகள். இப்படி ஒரு கையை எங்கள் பக்கம் நான் பார்த்ததில்லை. வீட்டைத் தாங்குகிற கை என்றால் எனக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும், மண்வெட்டி கிடைக்காமல் வெறுங்கையால் மண்ணை வாரின ஆட்களின் கை. எரிச்சலாக இருந்தது. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து மிச்ச விரல்களையும் வரைந்தேன்.

ஒரே ஒரு நிறுவனம்தான் ஒழுங்கான ஃபைல் அனுப்பியது. சந்தோஷப்பட்டேன். அதோடு ஒரு புத்தகமும் வந்தது. எங்கள் லோகோவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இன்ன அளவுக்குச் சிறிதாக்கக் கூடாது, சாய்க்கக் கூடாது, லோகோவைச் சுற்றி நான்கு பக்கமும் இவ்வளவு இடம் விட வேண்டும், அந்த இடத்துக்குள் வேறு எழுத்தோ படமோ வரக் கூடாது. மூச்சு விடும் இடம் என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் நான் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். என் தங்கச்சி எப்படிப் போனாள் என்பதை நினைக்காமல் இருக்கத்தான் நான் இந்த வேலையை எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் கேட்ட இடத்தை விட்டு முதல் மாதிரியை அனுப்பினேன். அதைப் பார்த்த மற்ற நிறுவனங்களுக்கு ரோசம் வந்துவிட்டது. அவர்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு இடம், நாங்கள் கொடுத்தது குறைவா என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். எல்லோருக்கும் சமமாக விடச் சொன்னார் சேர். விட்டேன். ஒருவர் அரசாங்கச் சின்னத்துக்குப் பக்கத்தில் தன் லோகோ வர வேண்டும் என்றார். மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் லோகோக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி வந்தன. கீழே இருந்தவை பெயர்கள், தோட்ட ஆபீஸ் தந்த பட்டியலில் இருந்தபடி. கல்லின் அளவோ மாறாது, அதை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். நான் பெயர்களின் எழுத்தைச் சிறிதாக்கினேன், பிறகு இன்னும் சிறிதாக்கினேன்.

கடைசி மாதிரியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இரத்தினபுரிக்கு நேரில் போனேன். நானா திரையில் வெகுநேரம் பார்த்தார்.

“இந்தச் சைஸ்ல தமிழ் வெட்ட ஏலாது தங்கச்சி. சுழிக்கு உள்ளுக்கு இருக்கிற கல் நிக்காது. உதிர்ந்துடும்.”

“ஒரு தடவ வெட்டிப் பாருங்களேன் நானா.”

அவர் உடைந்த கல் துண்டு ஒன்றை மெஷினில் வைத்தார். நான் கொடுத்த ஃபைலில் முதலாவதாக இருந்தது தங்கச்சியின் பெயர். ஊசி ஓடியது, தூசி பறந்தது, தூரிகையால் துடைத்துக் காட்டினார். பெயர் இல்லை. வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு நானா விசாரித்தார். என் தங்கச்சியின் பெயர் என்றேன். அவர் அந்தக் கல் துண்டை எடுத்துக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டு, கடைப் பையனிடம் எனக்கு ஒரு சோடா வாங்கி வரச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டுத்தான் வந்தேன்.

சேருக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்; அவர் என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். அப்படியானால் பெயர்களை விட்டுவிடுவோம் நங்கி, உயிர் நீத்தோர் நினைவாக என்று மூன்று மொழியிலும் ஒரு வரி போட்டால் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லோகோவைச் சுற்றி வெறும் இடம் விட இடம் இருக்கிறது, செத்தவர்களுக்கு இடம் இல்லையா என்று கேட்டேன். கடையில் அடையாள அட்டைப் படத்துக்கு உட்கார்ந்திருந்த தாத்தா திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் போய்விட்டது. கத்தி முடித்த பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது.

“பின்பக்கம்? கல் வாசல் நடுவில் தனியாகத்தானே நிற்கப் போகிறது சேர். பின்பக்கம் முழுக்கச் சும்மாதானே இருக்கும்?”

“பின்பக்கம் என்றால் யாருக்கும் பிரச்சினை இல்லை,” என்றார் சேர். அவருக்கும் பாரம் இறங்கியது போல இருந்தது.

அன்று மாலை கொட்டிலுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். திட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு லோகோ தெரியும், வெளியே போகிறவர்களுக்குப் பெயர் தெரியும் என்றேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது.

“வாறவங்க ஒரு நாளைக்குத்தான் வருவாங்க. நாங்கதானே புள்ள தெனமும் வெளிய போறோம். அப்ப பின்பக்கந்தான் நல்லது.”

ஆபீஸ் பட்டியலை விட்டுவிட்டு, பெயர்களைப் புதிதாகச் சேகரிக்க அவரே கொட்டில் கொட்டிலாகப் போனார். எங்கள் தோட்டத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயரும் இருக்கும். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்தப் பெயரை வெட்டுவது என்று கேட்டபோது எல்லோரும் வீட்டுப் பெயரையே சொன்னார்கள். ஒரு வீட்டில் மட்டும் சிக்கல். அங்கே செத்தது பிறந்து முப்பது நாள் ஆகாத குழந்தை. எங்களில் முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துத்தான் பெயர் வைப்போம். அதற்குள் மண் வந்துவிட்டது. பெயர் இல்லாத பிள்ளையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் அப்பா வெறுமனே நின்றிருக்கிறார். தாய்க்காரிதான் சொல்லியிருக்கிறாள். “பாப்பான்னுதான் கூப்பிட்டோம். பாப்பான்னே போடுங்க மாமா.”

பின்பக்கத்தில் லோகோ எதுவும் இல்லாததால் எழுத்துகளைத் தாராளமாகப் போட முடிந்தது. அந்த ஒரு பக்கத்தை டிசைன் செய்தபோதுதான் என் வேலை எனக்குப் பிடித்தது. நானா வெட்டிப் போட்டோ அனுப்பினார். ஒரு சுழி உதிரவில்லை. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன், அதில் படம் பார்க்க முடியாது. என் போனில் காட்டுகிறேன் என்றதற்கு, வேண்டாம், கல்லிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் லொறியில் கல் வந்தது. நானும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். வாசலில் கல் நிறுத்தக் கட்டியிருந்த மேடையைத் தாண்டி லொறி உள்ளே போவதைப் பார்த்ததும் எனக்கு விளங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் முன்பள்ளிக் கட்டடத்தின் முன்னால் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லைப் பதிக்க வந்த மேசன் பாஸ் சுவரில் அளவெடுத்து உளியால் கொத்திக்கொண்டிருந்தார். சேர் குடையோடு நின்றிருந்தார். காலையில்தான் தெரியவந்தது என்று அவரே ஆரம்பித்தார். நாளைக்கு விழாவுக்குத் தலைமை தாங்க வருகிற பெரியவர் திரை விலக்கிக் கல்லைத் திறக்க வேண்டும். நடுவெளியில் நிற்கிற கல்லுக்குத் திரை கட்ட முடியாது. காற்று வேறு. திரைக் கம்பி அடிக்கச் சுவர் வேண்டும் என்று பெரியவருடைய ஆட்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்களாம்.

“அப்ப பின்பக்கம்?” என்று கேட்டேன்.

சேர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார். “நங்கி, நான் சொல்லிப் பார்த்தேன்,” என்றார்.

ஒரு திரைச்சீலைக்காகப் பெயர்கள் எல்லாம் சுவருக்குள் போகப் போகின்றன. நான் என்ன சொன்னேன் என்று இப்போது முழுதாக ஞாபகமில்லை. சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினேன். கொட்டிலில் இருந்து ஆட்கள் வந்து கூடினார்கள். அப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். இறுக்கமாகப் பிடித்தார்.

“கத்தாத புள்ள. வீட்டுச் சாவி இன்னும் எங்க கைக்கு வரல்ல. இத்தன குடும்பம் காத்துக்கிட்டு நிக்குது.”

அவர் சொன்னது சரி. கோபத்துக்கு அங்கே யாருக்கும் வசதி இருக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிக்கொண்ட கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

லோகோ இருக்கும் பக்கம் கீறுப்பட்டுவிடக் கூடாது என்று சாக்கு விரித்துக் கல்லைக் குப்புறக் கிடத்தியிருந்தார்கள். அதனால் பெயர்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பாஸ் சிமெந்து குழைத்து முடித்துக் கரண்டியை எடுத்தார்.

“பாஸ் உன்னெஹே, பொட்டக் இன்ன,” என்றார் அப்பா, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி.

கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தோளில் இருந்த துண்டால் ஈரத்தைத் துடைத்தார். பிறகு விரலை எழுத்துப் பள்ளத்தில் வைத்து மெதுவாக, எழுத்துக் கூட்டி வாசித்தார். ஒவ்வொரு பெயராக, சத்தமாக வாசித்தார். தங்கச்சி பெயரையும் மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில்தான் வாசித்தார். கடைசியில் பாப்பா என்று வாசித்தபோது கூட்டத்தில் நின்ற அந்தத் தாய் முகத்தை மூடிக்கொண்டாள். பாஸ் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். அது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். செத்தவர்களின் பெயர், இது என்னுடைய மகள் என்று அப்பா ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

பாஸுக்குச் சங்கடமாகிவிட்டது. குழைத்த சிமெந்தையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கத்தில் குனிந்து, நான்கு மூலைக்கும் மட்டும் பூசி ஒட்டிவிடட்டுமா, நடுவில் எழுத்துக்குள் சிமெந்து போகாது, பிறகு எப்போதாவது கழற்றி எடுக்கலாம் என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. சரியென்று சொல்லுங்கள் அப்பா என்றேன்.

அப்பா எழுந்து சுவரைப் பார்த்தார். சுவருக்குக் கீழே முன்பள்ளியின் விறாந்தை இருந்தது. கல்லைத் தூக்கி வந்த ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதையும் பார்த்தார்.

“வேணாம் பாஸ். இது பாரமான கல்லு. புள்ளைங்க இதுக்கு அடியிலதான் ஒக்காரப் போகுதுங்க. முழுசாப் பூசுங்க. விழக் கூடாது.”

இதைச் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார்.

பாஸ் பூசத் தொடங்கினார். மூலையிலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வந்தார். கல்லைத் தூக்கி நிறுத்த ஆட்கள் போதவில்லை. அப்பா போய் ஒரு மூலையைப் பிடித்தார். நானும் போய் அவர் பக்கத்தில் பிடித்தேன். எல்லோருமாகத் தூக்கிச் சுவரோடு சேர்த்தோம். முன்பக்கம் நான் இழுத்த கோடுகள் ஒன்றுகூடப் பிசகாமல் விழுந்திருந்தன. சிமெந்து பிடிக்கும் வரைக்கும் கையை எடுக்க வேண்டாம் என்றார் பாஸ். நானும் அப்பாவும் உள்ளங்கையை லோகோக்களின் மேல் வைத்துத் தங்கச்சியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றோம்.